சாவதற்கு முன்னால் ஒரு சைக்கிள்

சாவைப் பற்றிய ஓவியம், சிற்பம் என்றாலே எனக்குக் கொஞ்சம் அலுப்பு. மண்டையோடு, மணல் கடிகாரம், அணையப்போகும் மெழுகுவத்தி. 'எல்லாரும் போகத்தானே போகிறோம்' என்று ஒரு பெருமூச்சு வரும், அப்புறம் காப்பி குடிக்கப் போய்விடுவேன். என்னை அப்படிப் போக விடாதது ஒரு சுவர்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் கேண்டி சாங் என்ற கலைஞர், தாய்போல இருந்த ஒருவரை 2009இல் திடீரென்று பறிகொடுத்தார். பியானோ கற்க வேண்டும், பசிபிக் கடலைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவுக்கு ஆசைகள் இருந்தன. நடக்கவில்லை. 2011இல் கேண்டி சாங் தன் பகுதியில் பாழடைந்து கிடந்த ஒரு வீட்டின் சுவருக்குக் கரும்பலகை பெயின்ட் அடித்து, 'நான் சாவதற்கு முன்னால் ______ வேண்டும்' என்று வரிசை வரிசையாக எழுதி, சாக்பீஸும் வைத்துவிட்டார். மறுநாளே சுவர் நிரம்பிவிட்டது. கடற்கொள்ளையன் வேஷத்தில் வந்த ஒருவர், கடற்கொள்ளைக்காகத் தன்மேல் வழக்கு நடக்க வேண்டும் என்று எழுதினார்! இன்றைக்கு 75க்கும் மேற்பட்ட நாடுகளில் 5000க்கும் மேல் இப்படிச் சுவர்கள். (ஆங்கிலத்தில் அந்தக் கோடு வாக்கியத்தின் கடைசியில் வரும். தமிழில் நடுவில் விழுகிறது. எதை எழுதினாலும் பின்னால் 'வேண்டும்' நிற்கும்.)

நம்மிடம் இல்லாததா என்பீர்கள். 'நாச்செற்று விக்குள்மேல் வாராமுன்' என்று 335ஆம் குறள் தொடங்குவது அதே பாதி வாக்கியம்தான். நாக்கு அடங்கி விக்கல் எழுவதற்கு முன்னால். ஆனால் மீதியையும் வள்ளுவரே எழுதிவிட்டார்: நல்வினை செய். மறுக்க முடியாது, ஆனால் எனக்கு எழுத இடமும் இல்லை. பட்டினத்தாரிடம் போனால் ஆசையே கூடாது என்பார். சுவரோ 'உன் ஆசை என்ன, சொல்' என்கிறது. இதுவரை யாரும் கேட்காதவர்களுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரிது என்பதைப் போன தீபாவளிக்குப் பார்த்தேன்.

விளையாட்டாக அதே வரியை எழுதி வீட்டில் ஒரு சார்ட்டை ஒட்டி வைத்திருந்தேன். பிள்ளைகள் ஜப்பான், கார் என்று கிறுக்கினார்கள். 61 வயதுச் சித்தி மார்க்கரை வாங்கி 'சைக்கிள் ஓட்ட' என்று எழுதினார். புதுக்கோட்டைக்காரர். 1990களின் தொடக்கத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த அறிவொளி இயக்கம் வந்தபோது அந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். சித்தியை வீட்டில் விடவில்லை. முப்பது வருஷமாக யாரிடமும் சொல்லாததை எழுதிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வடைச் சட்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

போன ஞாயிறு, பக்கத்து வீட்டுப் பையனின் சைக்கிளை இரவல் வாங்கி மைதானத்துக்குப் போனோம். நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட, "விட்ராதடா, விட்ராதடா" என்று ஊரே கேட்கக் கத்தினார். மூன்று தடவை சாய்ந்தார், முழங்கையில் சிராய்ப்பு. இந்த ஞாயிறும் போக வேண்டுமாம். சைக்கிளைத் தர அந்தப் பையன்தான் யோசிக்கிறான்.