சிவப்பு வட்டம் போட்ட அன்பருக்கு

மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருந்தேன். விஷயம் உங்களுக்குத் தெரியும். என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதிய பக்கத்தை, பெயரை மறைத்து இங்கே போட்டிருந்தேன். ஓர் அன்பர் அதில் பதினொரு சிவப்பு வட்டம் போட்டு, 'இதுதான் அரசுப் பள்ளித் தரம்' என்று சுற்றுக்கு விட்டார். அவர் பதிவிலேயே 'தமிழ் பற்று' என்று ஒற்று இல்லாமல்தான் இருந்தது. நான் வட்டம் போடவில்லை.

'வறிசை' என்று எழுதியிருந்தாள், உண்மைதான். அதே பக்கத்தில், 'தண்ணி நின்னுபோச்சு, சன்டை நிக்கல' என்றும் எழுதியிருந்தாள். அந்த வரியில் அன்பருக்குத் தெரிந்தது 'ன்' மட்டும்.

எழுதினால்தான் ஐயா பிழை வரும். கைடைப் பார்த்து மனப்பாடம் செய்தால் வராது. பத்தாம் வகுப்புப் பாடநூலில் ஒரு பயிற்சி இருக்கிறது. உணவு விடுதியில் சாப்பாடு தரமில்லை, விலையும் கூடுதல் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீட்டுக் கடிதம் எழுத வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை. ஆனாலும் அத்தனை பேரும் ஒரே ஓட்டலில் ஒரே சாம்பாரைக் குறை சொல்வார்கள். அனுப்புநர் அ அ அ. உறைமேல் முகவரிக்குக் கட்டம். ஒரு பிழை இருக்காது. எழுத்தும் இருக்காது.

நான் செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வாரம் இரண்டு நாள், பத்து நிமிடம், பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் எழுத வேண்டும். இன்று காலை வீட்டில் கேட்ட ஒரு வாக்குவாதம், பள்ளிக்கு வரும் வழியை ஊருக்குப் புதியவருக்குச் சொல்வது, இப்படி ஏதாவது. அன்று நான் சிவப்புப் பேனாவைத் தொட மாட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு பத்தியைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதிப் போடுவேன், வகுப்பே சேர்ந்து திருத்தும். ஒரு வாரம் ர, ற மட்டும். அடுத்த வாரம் ன, ண. அப்புறம் அவரவர் தாளை அவரவரே திருப்பி எழுத வேண்டும். படத்தில் இருந்தது முதல் நாள் தாள். அதையும் அந்தப் பதிவிலேயே சொல்லியிருந்தேன். யார் படிக்கிறார்கள்?

'அப்போ பிழையை ஆதரிக்கிறீர்களா?' நான் தமிழாசிரியர் ஐயா, சந்திப்பிழை பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது. 'பாடத்தை எப்போது முடிப்பீர்கள்?' இது நியாயமான கேள்வி. 2019-20இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தமிழின் இரண்டு தாளும் ஒன்றானதிலிருந்து மூன்று மணி நேரத்தில் நூறு மதிப்பெண்ணுக்கு ஓட வேண்டியிருக்கிறது. நேரம் இல்லைதான். சரி, விடுங்கள்.

எட்டாம் வகுப்பில் எனக்கு 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை கொடுத்தார்கள். நான் எந்தச் சுற்றுலா போனேன்? அப்பாவோடு டிவிஎஸ் 50இல் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனதை எழுதினேன். ஐயா அதை வகுப்பில் சத்தமாகப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். குறுக்கே ஒரு கோடு, 'தலைப்புக்குப் பொருந்தவில்லை'. அடுத்த முறை கைடில் இருந்த மாமல்லபுரத்துக்கு நானும் போய் வந்தேன். பத்துக்கு எட்டு. அதன்பின் சொந்தமாக ஒரு வரி எழுத எனக்குக் கல்லூரி வரை ஆனது. அதனால்தான் இவ்வளவு கோபம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

'நீ ஏன் அந்த மாணவியின் பக்கத்தைப் போட்டாய்?' என்று இரண்டு நண்பர்கள் கேட்டார்கள். அவளிடமும் அவள் அம்மாவிடமும் கேட்டுத்தான் போட்டேன். நல்ல எண்ணத்தில்தான் போட்டேன். ஆனால் அந்த வட்டங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி அவள் அண்ணன் போனுக்கே போய்விட்டன.

நேற்று பத்து நிமிட எழுத்துக்கு அவள் கொடுத்த தாளைப் பார்த்தேன். ஆணையருக்குக் கடிதம். அ அ அ. கட்டம்கூட ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தாள். ஒரு பிழை இல்லை. ஐந்துக்கு ஐந்து போட்டுக் கொடுத்தேன்.