பெரியம்மா காய்ச்சிய எண்ணெயைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

என் அக்கா மகளின் கல்யாண மண்டபத்தில், அவள் தலைக்கு வைத்த விளக்கெண்ணெயை மேக்கப் போட வந்தவர் கிண்டலடித்து எடுத்த வீடியோவை என் நட்பு வட்டத்தில் பெரும்பாலும் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர்கள் தேடிப் போக வேண்டாம், அதற்கு இன்னும் கூட்டம் சேர்க்க எனக்கு விருப்பமில்லை. நான் போட்ட இரண்டு வரிக்கு வந்த பதில்களைப் படித்த பிறகுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். "ஜாலிக்கு எடுத்ததுக்கு ஏன் இவ்வளவு கோபம்", "விளக்கெண்ணெயை வெச்சா சிரிக்காம என்ன பண்ணுவாங்க", "பாட்டி வைத்தியத்துக்கு நீங்களுமா?" சரி. பொறுமையாகவே சொல்கிறேன்.

மேக்கப் போட வந்தவருக்கு எண்ணெய் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பவுண்டேஷன் நிற்காது, இன்னொரு தடவை அலசிட்டு வாங்க என்று சொல்லலாம். அது அவர் தொழில், எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அவர் செய்தது வேறு. மணப்பெண்ணின் முடியைக் கையில் தூக்கிப் பிடித்து, போனை நீட்டி, "இது வண்டி இன்ஜினுக்கு ஊத்துற எண்ணெய், இதைப் போய் முகத்துலயும் தலையிலயும் தடவுறாங்க பாருங்க, இந்தக் காலத்துலயும்" என்று சொல்லிச் சிரித்தார். உதவிக்கு வந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்த எண்ணெயைக் காய்ச்சிய என் பெரியம்மா அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். வீடியோவில் அவர் முகமும் வந்து போகிறது. யாரைக் கேட்டு எடுத்தார்கள்?

முதலில் அந்த இன்ஜின். ஆமாம், விளக்கெண்ணெயை இன்ஜினுக்கு ஊற்றியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் பறந்த விமானங்களின் இன்ஜின்களுக்கே ஊற்றினார்கள். சூட்டிலும் வழுக்கும் தன்மை போகாத கெட்டி எண்ணெய் என்பதால் ஊற்றினார்கள். அதனால் அது தோலுக்கு ஆகாது என்று எப்படி ஆகும்? இன்ஜினுக்கும் தோலுக்கும் ஒரே பொருள் உதவுவது கேவலமா?

அடுத்தது எனக்கு நிஜமாகவே வலித்த விஷயம். கல்யாணம் முடிந்த மறுநாள், அக்கா மகள் கையில் அந்த மேக்கப்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன லிப்ஸ்டிக் இருந்தது. உறையைத் திருப்பிச் சேர்மானங்களைப் படித்தேன். ஆரம்பத்திலேயே இருக்கிறது, ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில். அதுதான் விளக்கெண்ணெய். உங்கள் வீட்டு லிப்ஸ்டிக்கையும் எடுத்துப் பாருங்கள், பலவற்றில் இருக்கும். நிறப்பொடியைச் சீராகக் கலந்து வைக்கவும், உதட்டில் பளபளப்பாக நிற்கவும் இந்த எண்ணெய்தான் வாகு என்று பல காலமாகச் சேர்க்கிறார்கள். ஆக, பெரியம்மா கையால் தலைக்கு வைத்தால் இன்ஜின் எண்ணெய். மேக்கப் பெட்டியிலிருந்து எடுத்து உதட்டுக்குப் பூசினால் அழகு. இந்த ஒரு கேள்விக்காவது யாராவது எனக்குப் பதில் சொல்லுங்கள்.

எண்ணெய் பிடிக்காதது தப்பில்லை. தெரியாமல் இருப்பதும் தப்பில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி, தெரிந்தவரைப் பார்த்துச் சிரித்ததுதான் தப்பு. இதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ஆத்தூர் பக்கம். மஞ்சள் காட்டில் வாய்க்கால் ஓரமாகக் கொட்டமுத்து, அதாவது ஆமணக்குச் செடி வைப்பது எங்களுக்குப் பழக்கம். இளம் மஞ்சளுக்கு நிழல், நமக்கு எண்ணெய். கடலைக் காட்டைச் சுற்றி வைத்தால் புழு முதலில் அந்த அகல இலைக்குத்தான் போகும், அங்கேயே பிடித்து அழித்துவிடலாம். பக்கத்தில் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஒய்.ஆர்.சி.எச். 1 என்ற வீரிய ஒட்டு ரகம் அங்கே வந்ததுதான். அரசாங்கம் நிலையம் வைத்து ஆராய்ச்சி செய்கிற பயிர் இது. யாரோ மூலையில் உட்கார்ந்து மந்திரம் சொல்லித் தடவுகிற சமாச்சாரம் இல்லை.

காயைப் பறித்துக் களத்தில் காயப்போட்டால் வெயில் ஏற ஏறப் படபடவென்று வெடித்து முத்து சிதறும். அதைப் பொறுக்கி, புடைத்து, சொத்தையை ஒதுக்கி, இரும்புச் சட்டியில் வறுக்க வேண்டும். வறுப்பில்தான் கைப்பக்குவம். குறைந்தால் எண்ணெய் இறங்காது, கூடினால் கருகல் நாற்றம் ஒட்டிக்கொள்ளும். பிறகு உரலில் இட்டு மையாக இடித்து, தண்ணீர் கொதிக்கும் அண்டாவில் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நுரை கட்டி எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் மொண்டு மொண்டு வேறு சட்டிக்கு மாற்றி, மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். சடசடவென்று சத்தம் வரும். சத்தம் அடங்கினால் தண்ணீர் சுண்டிவிட்டது என்று அர்த்தம். அங்கே இறக்காமல் விட்டால் எண்ணெய் முறிந்துவிடும், முன்னாலேயே இறக்கினால் சீக்கிரம் சிக்கடித்துவிடும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று சொல்வோமே, பெரியம்மா அப்படித்தான் அடுப்பு முன்னால் நிற்பார். புகையில் கண் சிவந்துபோகும். விதையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய் இருக்கிறது என்பது கணக்கு, வீட்டில் காய்ச்சினால் அவ்வளவு கிடைக்காது. ஒரு பாட்டில் எண்ணெய்க்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

கொட்டமுத்து விஷம்தானே என்று ஒருவர் கேட்டிருந்தார். விஷம்தான். ரிசின் என்ற புரதம் விதையில் இருக்கிறது, கடித்துத் தின்றால் உயிருக்கே ஆபத்து. ஆனால் அது எண்ணெயில் கரையாது, சக்கையோடு தங்கிவிடும், கொதியில் சிதைந்தும் போகும். பெரியம்மாவுக்கு ரிசின் என்ற பெயர் தெரியாது. விதையைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், சக்கையை மாட்டுக்கு வைக்கக் கூடாது, செடிக்கு எருவாகத்தான் போட வேண்டும் என்பது தெரியும். பெயர் தெரிந்த எத்தனை பேருக்கு இது தெரியும்?

இனி "அறிவியல் ஆதாரம் எங்கே" கூட்டம். உங்களை நான் மதிக்கிறேன். உண்மையாகவே மதிக்கிறேன். அதனால் நேராகச் சொல்கிறேன். விளக்கெண்ணெய் வைத்தால் சொட்டையில் முடி முளைக்கும் என்று நான் எங்கேயும் எழுதியதில்லை. புருவம் அடர்த்தியாகும், இமை நீளும் என்பதற்கெல்லாம் நம்பத்தக்க ஆய்வு இல்லை. இந்த எண்ணெயில் நூற்றுக்கு 85 முதல் 90 பங்கு ரிசினோலிக் அமிலம் என்ற ஒரே கொழுப்பு அமிலம்தான். மற்ற எண்ணெய்களைவிட இது கெட்டியாக, பிசின் மாதிரி இருப்பதற்கு அதுதான் காரணம். தோலின் மேல் படலமாக நின்று ஈரம் போகாமல் காக்கும். வறண்ட முடியை வழவழப்பாக்கும், சீப்பு சிக்காமல் இறங்கும், அதனால் உடைவது குறையும். இவ்வளவுதான் அதன் வேலை. பெரியம்மாவும் இதற்கு மேல் சொன்னதில்லை. "வறட்சிக்கு நல்லது சாமி, சூட்டுக்கு நல்லது" என்பார். சூடு என்று அவர் சொல்வதை உங்கள் ஆய்வகத்தில் அளக்க முடியாமல் இருக்கலாம். வறட்சியை அளக்கலாம் இல்லையா?

அவரும் தனியாக வைக்கச் சொல்லமாட்டார். ஒரு பங்கு விளக்கெண்ணெய்க்கு இரண்டு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய், லேசாகச் சூடு காட்டி, நுனி முடிக்கு அதிகம், வேருக்குக் கொஞ்சம். கெட்டி எண்ணெயை அப்படியே கொட்டிக் கசக்கினால் முடி திரண்டு சடையாகிப் பிரிக்கவே முடியாமல் போகும். அப்படி ஆகி மருத்துவரிடம் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. பொடுகு இருக்கிறவர்களுக்கும், முகத்தில் பரு வருகிறவர்களுக்கும் எண்ணெய் ஆகாது. சிலருக்கு ஒவ்வாமையும் வரும், முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு வையுங்கள். பச்சைக் குழந்தைக்கு மூக்கில் விடுவது, தொண்டையில் ஊற்றுவது கூடவே கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். அதில் மறுபேச்சே இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டேன் இல்லையா? இப்போது நீங்கள் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள். வீடியோவில் இவற்றில் ஒன்றாவது சொல்லப்பட்டதா? ஒவ்வாமை பற்றி? பொடுகு பற்றி? ஒன்றும் இல்லை. வெறும் சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அறிவியல் என்று பெயர் வைத்து என்னிடம் வாதாட வராதீர்கள்.

நாற்றம் அடிக்கிறது என்கிறீர்கள். நலங்குக்கு முந்தின நாள் வைத்த எண்ணெய் அது. அரப்பும் சீயக்காயும் போட்டு அலசி, சாம்பிராணி காட்டிய முடி. அதற்கு மேலும் மூக்கில் ஏறுகிறது என்றால், அந்த வாசனை இல்லாத வீட்டில் வளர்ந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

என் அம்மா காட்டு வேலைக்குப் போனவர். மஞ்சள் வெட்டும் மாதங்களில் குதிகால் பிளந்து ரத்தம் கசியும். செருப்புப் போட்டுக்கொண்டு சேற்றில் நிற்க முடியாது. இரவில் பெரியம்மா வந்து, வெந்நீரில் கால் ஊறவைத்துத் துடைத்து, விளக்கெண்ணெயில் மஞ்சள்தூள் குழைத்து வெடிப்பில் நிரப்பிப் பழந்துணி கட்டிவிடுவார். அக்காவும் தங்கையும் அப்போது பேசுகிற பேச்சைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கியிருக்கிறேன். காலையில் அம்மா மறுபடி காட்டுக்குப் போவார். குதிகால் கிரீம் என்று ஒன்று கடையில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வாங்கக் காசு இல்லை. அந்தக் கைதான் என் பிரசவத்துக்குப் பிறகு என் தலைக்கும் எண்ணெய் வைத்தது. அம்மா அதற்குள் இல்லாமல் போய்விட்டார். ஆகவே இது வெறும் எண்ணெய் சண்டை என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

"அந்தப் பொண்ணும் உழைச்சுச் சாப்பிடுறவதானே, பொழப்பக் கெடுக்காதே" என்று உள்பெட்டியில் வந்து சொன்னார்கள். பெயரையோ கடையையோ நான் எங்கே எழுதினேன்? இனியும் எழுதமாட்டேன். ஆனால் உழைப்பை மதிக்கச் சொல்கிறவர்களே, உரலில் இடித்தது உழைப்பு இல்லையா? கூலி வாங்காமல், பேத்திக்குக் கல்யாணம் என்று ஆசையாகச் செய்ததால் அதற்கு மதிப்பு இல்லாமல் போய்விட்டதா?

இன்னொன்றும் சொல்கிறேன். ஜமைக்காவில் இதே கொட்டமுத்தை வறுத்து, இடித்து, கொதிக்கவைத்துத்தான் கறுப்பு விளக்கெண்ணெய் எடுக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்த முறை. அதைச் சிறு பாட்டிலில் அடைத்து உலகமெங்கும் முடிக்கென்று விற்கிறார்கள், நம் ஊரிலும் இணையத்தில் கிடைக்கிறது. அங்கே அந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிய அறிவு என்று பெருமையாக எழுதுகிறார்கள். எழுதட்டும், அவர்களுக்கு அது உரியதுதான். அதே வறுப்பு, அதே உரல், அதே கொதி. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில், அதிலும் குஜராத்தில். எண்ணெயாகக் கப்பலேறி, லிப்ஸ்டிக்காகவும் கிரீமாகவும் திரும்பி வருகிறது. வந்தவுடன் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறோம். வீட்டில் கிழவி காய்ச்சியது மட்டும்தான் நமக்கு அசிங்கம்.

பழசு எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. கட்டிக்குப் பச்சிலை வைத்துப் புண்ணைப் புரையோட விட்டவர்களை நானும் பார்த்திருக்கிறேன். எதையும் சோதித்துத்தான் எடுக்க வேண்டும். ஆனால் சோதிக்கிறவர் கேள்வி கேட்பார். "எப்படிப் பாட்டி காய்ச்சுனீங்க? எதுக்கு வெச்சீங்க?" என்று ஒரு வார்த்தை அந்த அறையில் யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் பெரியம்மா மண்டபத்திலேயே உட்கார்ந்து அத்தனையும் சொல்லியிருப்பார். கேட்க ஆள் கிடைத்தால் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது அவர் என்ன சொல்கிறார் தெரியுமா? "இனி எதுக்குச் சாமி காச்சோணும், கடையிலயே வாங்கிக்குங்க. புள்ளைங்களுக்கு அசிங்கமா இருக்குது." பறித்த காய் கோணிப்பையில் கட்டியபடி கிடக்கிறது. நான் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டேன், இறங்கி வரவில்லை.

அதனால் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்கிறவர்களுக்கு: எங்கள் வீட்டில் இல்லை, என்றுமே விற்றதும் இல்லை. செக்கில் வாங்கினால் எப்போது ஆட்டியது, கலப்பு உண்டா என்று கேட்டு வாங்குங்கள். விளக்கேற்ற என்று போட்டு விற்கிற கலப்பு எண்ணெயைத் தோலில் தடவாதீர்கள்.

அக்கா மகள் அந்த மேக்கப்காரர்களிடம் பேசிவிட்டாள். "அம்மாயி முகம் வர்ற இடத்தை மட்டும் கட் பண்ணிடுறோம்" என்றார்களாம். முகத்தை வெட்டி எடுத்துவிட்டால் அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்துச் சிரித்தது என்பது மாறிவிடுமா? முழுதாக எடுக்கச் சொல்லியிருக்கிறோம். இதை எழுதுகிற நேரம்வரை எடுக்கவில்லை. சொந்தக்காரர்களே, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டுக்கொண்டிருக்கிற மாமாக்களே, நீங்களாவது நிறுத்துங்கள். பெரியம்மா போனிலும் அந்தக் குழு இருக்கிறது.