பதக்கம் தைத்தவரின் மகள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் உறவினர் வீடொன்றில் மதிய உணவுக்குப் பின்னர் பேசிக்கொண்டிருந்தபோது, என் மருமகள் தன் தொலைபேசியில் எம்.ஐ.ஏ. என்ற பிரித்தானியத் தமிழ்ப் பாடகியின் பாடலொன்றை ஒலிக்கவிட்டாள். சாய்மனைக் கதிரையில் இருந்த பெரியப்பா, “இவ்வளவு புகழுகினம், உந்தப் பிள்ளை எத்தினை கிரமி எடுத்தவ?” என்று கேட்டார். அமெரிக்காவின் பெரிய இசை விருதான கிரமி அவருக்கு ஒன்றும் இல்லை என்று அவள் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. எனக்கு அந்தக் கேள்வி அங்கே முடியவில்லை.

பெரியப்பாவின் கணக்கு நம்மிடையே பொதுவான கணக்குத்தான். ஒரு கலைஞரைக் கௌரவிப்பதென்றால் பொன்னாடை, பட்டம், கேடயம் என்று கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒன்று நமக்கு வேண்டும். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடும் மாதங்கி அருள்பிரகாசம் என்ற மாயாவுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அவர் எவற்றுக்கெல்லாம் முன்மொழியப்பட்டார், எவை அவர் கைக்கு வராமல் போயின, இறுதியில் வந்தது எது என்று பார்த்தால்தான் அவருடைய இசைப் பயணம் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து.

1975 இல் இலண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரப்பட்டு, 1986 இல், 11 வயதை எட்டும் தறுவாயில், தாயுடனும் சகோதரர்களுடனும் அகதியாக மீண்டும் இலண்டனுக்குப் போனவர் அவர். கல்லூரியில் கற்றது நுண்கலையும் திரைப்படமும். பின்னர்தான் இசைக்கு வந்தார். ரோலண்ட் எம்.சி. 505 என்ற சிறிய தாள இயந்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தபடியே அமைத்துப் பார்த்த மெட்டுக்களிலிருந்து வளர்ந்ததுதான் 2005 இல் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பு. அதற்குத் தந்தையின் இயக்கப் பெயரான ‘அருளர்’ என்பதையே இட்டார். அதே ஆண்டு அது ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்குப் பிரித்தானியாவில் வழங்கப்படும் மேர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது; பரிசு வேறொருவருக்குப் போயிற்று.

2007 இல் வெளிவந்த இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயர்: ‘கலா’. அமெரிக்க விசா கிடைப்பதில் ஏற்பட்ட தடங்கலினால் அதன் வேலைகள் பல நாடுகளில் நடந்தன. அவற்றுள் என்னை இன்றுவரை உலுக்குவது சென்னையில் உறுமி மேளக்காரர்களை வைத்து அவர் செய்த பதிவு. மலையகத்துத் திருவிழாக்களில் தப்பு மேளத்தோடு சேர்ந்து ஒலிக்கும் அந்த உறுமியை நம்முடைய சபாக்கள் மேடையில் ஏற்றியதில்லை. அது சாவுக்கும் சாமியாட்டத்துக்கும் உரியதென்று ஒதுக்கி வைத்திருந்தோம். பொப்பிசை என்றால் நமக்கு ஏ. ஈ. மனோகரன் நினைவுக்கு வருவார், அவரை நாம் கொண்டாடவும் செய்தோம். ஆனால் ஒதுக்கப்பட்ட ஒரு தோற்கருவியை உலக நடன அரங்கின் நடுவே கொண்டுபோய் வைத்த பெண்ணின் வேலையை நாம் காதுகொடுத்துக்கூடக் கேட்கவில்லை. அவருடைய உடையைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் பேசிய அளவில் பத்திலொரு பங்கேனும் அந்தத் தாளத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அதே தொகுப்பிலிருந்து வந்த ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008 இல் அமெரிக்காவின் பில்போர்ட் பாடல் தரவரிசைப் பட்டியலில் 4 ஆம் இடம்வரை ஏறியது. விசாவுக்காகக் காத்திருந்த ஒருத்தியின் கோபத்தில் பிறந்த அந்தப் பாட்டின் பல்லவியில் துப்பாக்கி வேட்டொலியும் காசுப்பெட்டி திறக்கும் ஒலியும் தாளமாக வருகின்றன. குடிபெயர்ந்து வருகிறவனைப் பார்த்து அந்த நாடுகள் என்ன நினைக்கின்றன என்பதை அந்த இரண்டு ஒலிகளே சொல்லிவிடும். ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான கிரமிக்கு அது முன்மொழியப்பட்டது.

2009 பெப்ரவரி 8 ஆம் திகதி, பிள்ளைப்பேற்றுக்குக் குறிக்கப்பட்ட அதே நாளில், நிறைமாத வயிற்றோடு அவர் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிரமி மேடை ஏறினார். ஜே-சி, ரி.ஐ., கன்யே வெஸ்ட், லில் வெய்ன் ஆகிய நான்கு ராப் பாடகர்களுடன் அவர் சேர்ந்து பாடிய பாட்டின் ஆதாரமே ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலிலிருந்து எடுக்கப்பட்ட அவருடைய குரலின் ஒரு வரிதான். அந்தப் பாட்டின் தலைப்பும் அந்த வரியிலிருந்து வந்ததே. சிறந்த ராப் குழுப் பாடலுக்கான கிரமியை அது வென்றது. விருது அந்த நால்வரின் பெயரில் எழுதப்பட்டது. பெரியப்பாவின் கேள்விக்கு நான் சொல்லவேண்டியிருந்த பதில் இதுதான்: அந்தக் குரலுக்குக் கிரமி கிடைத்தது, அந்தப் பெயருக்குக் கிடைக்கவில்லை.

அந்த மாதம் கொழும்பில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் காலி வீதியில் இறங்க முடியாத நாட்கள் அவை. வன்னிப் போர்ச் செய்திகளை வீட்டுக்குள்ளும் தாழ்ந்த குரலிலேயே பேசினோம். அவரோ அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதையே உரத்துப் பேசினார். அவர் சொன்ன எல்லாவற்றோடும் நான் உடன்பட்டவனல்லன், இன்றும் அப்படித்தான். ஆனால் அந்தக் குரல் கேட்டபோது எனக்குள் ஏற்பட்ட நடுக்கத்தை மறைக்க விரும்பவில்லை. அதே ஆண்டு ‘ஸ்லம்டோக் மில்லியனர்’ படத்துக்காக ஏ. ஆர். ரஹ்மானுடன் சேர்ந்து அமைத்த பாடல் ஒஸ்காருக்கு முன்மொழியப்பட்டிருந்தது. விருது அதே படத்தில் ரஹ்மானின் மற்றொரு பாடலுக்குக் கிடைத்தது. 2012 இல் ‘பேட் கேர்ள்ஸ்’ காணொளி நெறியாள்கைக்கும் ஒளிப்பதிவுக்குமான எம்.ரி.வி. விருதுகளைப் பெற்றது. மற்றப் பட்டியல்களை விட்டுவிடுகிறேன்.

2019 இல் இசைப் பணிக்காக எம்.பி.ஈ. (‘பிரித்தானியப் பேரரசின் ஆணை உறுப்பினர்’) என்ற பிரித்தானிய அரச கௌரவம் அறிவிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் இளவரசர் வில்லியமின் கையால் அதைப் பெற்றுக்கொண்டார். பேரரசின் பெயர் தாங்கிய பதக்கத்தை இவர் எப்படி வாங்கலாம் என்று பலர் சினந்தார்கள். அவர் தந்த விளக்கத்தை அவர்கள் வாசித்திருந்தால் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அகதியாக இலண்டனுக்குப் போன அவருடைய தாய், குறைந்த கூலிக்கு, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரச பதக்கங்களின் நாடாக்களைக் கையால் தைத்துக்கொண்டிருந்தவர். ஆயிரக்கணக்கானவர்களின் மார்பில் ஏறிய பதக்கங்கள் அந்தத் தாயின் விரல்களைக் கடந்து போயிருக்கின்றன. தாயைக் கௌரவிப்பதற்காகவே அதை ஏற்றுக்கொள்வதாக மகள் சொன்னார். அவருக்குக் கிடைத்தவற்றுள் என் மனதில் மிக உயரத்தில் இருப்பது இதுதான்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் சின்னம்மா. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னர் கொழும்புக்கு வந்து, பாமன்கடையில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, சாறிச் சட்டைகளைத் துண்டுக் கணக்கில் தைத்துக் கொடுத்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். கொக்கி, பொத்தான், ஓரத் தையல் எல்லாம் கையால்தான். தைத்த சட்டைகளை உடுத்தவர்களின் கலியாணங்களுக்கு அவரை யாரும் அழைத்ததில்லை.

அன்று மாலை மாயா பதக்கத்தோடு நிற்கும் படத்தைச் சின்னம்மாவுக்குக் காட்டி, இதையெல்லாம் தைத்தவரின் மகள்தான் இவர் என்று சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாடாவின் பக்கம் படத்தைப் பெரிதாக்கச் சொன்னார். நெடுநேரம் பார்த்தார். “நூல் ஒரு இடமும் வெளியில தெரியேல்லை, நல்ல கை” என்றார்.