மெயில் ஐடி யார் கையில் இருக்கிறது?

காட்பாடியிலோ குடியாத்தத்திலோ ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பம் போடப் போனால் முதலில் கேட்பது "மெயில் ஐடி இருக்கா?" என்றுதான். இல்லை என்றால் அங்கேயே ஒன்றைத் தொடங்கிக் கொடுப்பார்கள். அவசரத்தில் கடையின் ஐடியையே போட்டுவிடுவதும் உண்டு. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவு 5 வருஷம் செல்லும். நீட் விண்ணப்பத்தின் தகவல் எல்லாம் பதிந்த போனுக்கும் மெயிலுக்கும்தான் வரும். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தில் இருந்தவர்கள் வாழும் ஊரில், பென்ஷனே ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்துக்குப் போய்விட்டது. இவ்வளவுக்கும் சாவி ஒரு மெயில் ஐடி. அதன் பாஸ்வேர்டு யாருக்கும் நினைவில் இல்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

மெயிலை ஒழுங்குபடுத்தச் சொல்லிக் கொடுப்பவர்கள் ஃபோல்டரில் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. ஐடி உங்கள் கையில் இருக்கிறதா, அதில் இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுக்குவது.

ஜிமெயிலில் மேலே வலது மூலையில் இருக்கும் உங்கள் வட்டப் படத்தைத் தொட்டு, கூகுள் கணக்கு நிர்வாகத்துக்குள் போய், செக்யூரிட்டி பகுதியைத் திறங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். அடுத்து, மீட்பு போன் எண்ணும் மீட்பு மெயிலும் யாருடையவை என்று பாருங்கள். கடைக்காரர் எண் அங்கே இருந்தால் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் கணக்கு முழுதாக உங்களுடையது ஆகாது. அதே பக்கத்தில் எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்து கிடக்கிறது என்ற பட்டியல் இருக்கும். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றலாம். இனி வெளிக் கம்ப்யூட்டரில் திறக்க வேண்டி வந்தால், மூடியதும் கணக்கை நினைவில் வைக்காத இன்காக்னிடோ சன்னலில் திறந்து, முடிந்ததும் மூடிவிடுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரத்திலிருந்து வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் அந்த எண் வேறு ஒருவருக்குப் போய்விடும். மீட்பு எண் அதுவாக இருந்தால் ஓடிபியும் அவருக்கே போகும். கிளம்புவதற்கு முன்னால், பாஸ்வேர்டோடு இன்னொரு சோதனையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, போன் இல்லாதபோது உள்ளே போக அது தரும் 10 பேக்கப் கோடுகளைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 8 இலக்கம், ஒருமுறைதான் செல்லும்.

அடுத்தது இடம். ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். டிரைவ், போட்டோஸ் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 15. 2021 ஜூன் முதல் ஏற்றிய படங்கள் எல்லாம் கணக்கில் வரும். 2024 முதல் ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதிலேயே விழுகிறது. இடம் நிரம்பினால் உங்களால் மெயில் அனுப்ப முடியாது; அதைவிட மோசம், உங்களுக்கு வருகிற மெயில் அனுப்பியவருக்கே திரும்பிவிடும். நேர்காணல் அழைப்பு வரவே இல்லை என்று தேடுகிறவர்கள் ஸ்பேமுக்கு அடுத்தபடி இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஆயிரம் விளம்பர மெயிலை உட்கார்ந்து அழித்தாலும் பெரிதாக இடம் கிடைக்காது. அவை எடை இல்லாதவை. முதலில் வாட்ஸ்அப் பேக்கப் அமைப்பில் வீடியோவைச் சேர்க்காதபடி மாற்றுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரக் குறியை அழுத்தி, அளவு 10 எம்பிக்கு மேல் என்று கொடுத்துத் தேடுங்கள். கல்யாண வீடியோவும் ஸ்கேன் கட்டுகளும் வரிசையாக வந்து நிற்கும். வேண்டாததை அழித்த பின் டிராஷையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் 30 நாள் அவை அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும்.

இப்போது அடுக்குவதற்கு வருவோம். ஜிமெயிலில் ஃபோல்டருக்குப் பதில் இருப்பது லேபிள். இருபது முப்பது லேபிள் போடுகிறவர்கள் ஒரு மாதத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். படிப்பு, வேலை-வரி, நிலம்-வீடு, மருத்துவம், வண்டி-இன்சூரன்ஸ் என்று ஐந்து போதும். இன்பாக்ஸில் செய்து முடிக்காத வேலை மட்டும் இருக்கட்டும். முடிந்ததை ஆர்கைவ் செய்து இன்பாக்ஸிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். அது அழிவதில்லை, தேடினால் கிடைக்கும், யாராவது பதில் போட்டால் தானாக இன்பாக்ஸுக்குத் திரும்பி வரும். பிரீமியம் கட்டும் தேதி மாதிரியானவற்றை ஸ்னூஸ் செய்தால் சொன்ன நாளில் மேலே வந்து நிற்கும். வங்கி ஸ்டேட்மென்ட் தானாக லேபிளுக்குப் போக ஃபில்டர் வேண்டும் என்றால் போன் செயலியில் முடியாது, கம்ப்யூட்டர் பிரவுசரில்தான் அமைக்க வேண்டும்.

கண்டுபிடிக்க உதவுவது லேபிளைவிடத் தேடல்தான். அதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் தேடும். "வேலூரில்" என்று எழுதிய மெயிலை "வேலூர்" என்று தேடினால் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் தலைப்பில் "இல்", "க்கு" மாதிரி உருபு ஒட்டாத சொற்களை வைக்க வேண்டும். வந்த மெயிலின் தலைப்பை மாற்ற வழியில்லை. அதை உங்களுக்கே ஃபார்வர்டு செய்து, அப்போது தலைப்பை மாற்றி எழுதுங்கள். சிஎம்சி மருத்துவமனை ரிப்போர்ட் என்றால் "அம்மா சர்க்கரை ரத்தப் பரிசோதனை 2025 மார்ச்" என்று எழுதினால் அடுத்த முறை டாக்டர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நாலு நொடியில் எடுத்துவிடலாம். ஸ்கேன் படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் எப்போதும் படித்துவிடாது என்பதால் இது இன்னும் முக்கியம்.

நிலப் பத்திரத்துக்கு மாவட்டப் பெயரை நம்பாதீர்கள். ஆற்காடும் வாலாஜாவும் 2019 பிரிவினைக்கு முன் வேலூர் மாவட்டம், இப்போது ராணிப்பேட்டை. அதற்கும் முந்தைய பத்திரங்களில் வட ஆற்காடு என்றே இருக்கும். வில்லங்கச் சான்றை உங்களுக்கே அனுப்பி வைக்கும்போது கிராமப் பெயரும் சர்வே எண்ணும் தலைப்பில் இருக்கட்டும்.

விளம்பரம் தொல்லையா? நீங்களே பொருள் வாங்கிய கடை என்றால் அன்சப்ஸ்கிரைப் செய்யுங்கள். முன்பின் தெரியாதவர் அனுப்பியது என்றால் அதற்குள் எதையும் தொடாமல் ஸ்பேம் என்று சொல்லிவிடுங்கள், அங்கே இருக்கும் அன்சப்ஸ்கிரைப் பொத்தானே வலையாக இருக்கலாம். வேறொருவரின் ஸ்டேட்மென்ட் உங்களுக்கு வந்தால் பயப்பட வேண்டாம். ஜிமெயில் புள்ளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒரே ஐடிதான், உங்கள் பெயரே உள்ள யாரோ தன் ஐடியைத் தவறாகச் சொல்லியிருப்பார்.

கடைசியாக, பென்ஷன் வாங்கும் அப்பாக்களின் கணக்கு. கூகுள் கணக்கில் இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கு திறக்கப்படாமல் கிடந்தால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதையெல்லாம் அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று 10 பேர் வரை எழுதி வைக்கலாம். 2 வருஷம் தொடாத கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதால் 3 அல்லது 6 மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவின் பெயரையும் வீட்டில் மெயில் பார்க்கத் தெரிந்த பிள்ளையின் பெயரையும் சேருங்கள். பேக்கப் கோடு எழுதிய காகிதத்தை ராணுவ டிஸ்சார்ஜ் புக் இருக்கும் டிரங்குப் பெட்டியிலேயே வைத்து, அது அங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.