மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?

"மேல் பல்லைப் பிடுங்காதீர்கள், கண் நரம்பு அறுந்து பார்வை போய்விடும்" என்று ஒரு குரல் பதிவு யாழ்ப்பாணத்து வட்சப் குழுக்களில் சுற்றுகிறது. பழைய கதைதான். பிழையான கதையும்கூட.

பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குப் போகிறது. அது இரண்டாவது மண்டை நரம்பு. மேல் பல்லின் உணர்வோ ஐந்தாவது நரம்பின் மேல்தாடைக் கிளையால் வருகிறது. பல்லைப் பிடுங்கும்போது அறுவது வேர் நுனியில் உள்ள மெல்லிய நரம்பு இழைதான், கண் நரம்பு அல்ல. விறைப்பு ஊசிக்குப் பிறகு மிக அரிதாகப் பார்வை இரட்டையாகத் தெரிவதுண்டு. விறைப்பு இறங்க அதுவும் சரியாகிவிடும்.

"அப்புவுக்குப் பல்லுப் பிடுங்கின வருஷம்தான் கண் மங்கினது, டொக்டர்" என்பார்கள். பல் விழும் வயதில்தான் கண்புரையும் வருகிறது. நீரிழிவு பல் முரசையும் கெடுக்கும், விழித்திரையையும் கெடுக்கும். சீனி பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம்தான்.

உண்மையில் பயப்பட வேண்டியது வேறு. மேல் வேட்டைப்பல்லின் வேரில் சீழ் பிடித்தால் கன்னம் வீங்கிக் கண்ணே மூடிப்போகும். பனடோலும் கிராம்பு எண்ணெயும் நோவை அடக்கும், தொற்றை அல்ல. அரிதாக அது கண்குழிக்குள் பரவினால் பார்வை போகலாம், அதுவும் வைத்தியம் பார்க்காமல் விட்ட பல்லால்!

எல்லாப் பல்லையும் பிடுங்கவும் தேவையில்லை. வேர்ச் சிகிச்சையால் பலதைக் காப்பாற்றலாம். அரச ஆஸ்பத்திரியில் பல் பிடுங்கக் காசும் இல்லை. முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் உடனே போங்கள்.