பெட்டி புதுசு, அச்சு அப்பா காலத்தது

வீட்டில் ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் மாடல் விமானம். பெட்டி மூலையில் மஞ்சள் வட்டம், அதற்குள் கொட்டை எழுத்தில் 'நியூ'. எதுய்யா நியூ? அட்டை நியூ. விமானத்தின் மேல் ஒட்டுகிற சின்னங்கள், அதாவது டீகால், நியூ. மேலே வரைந்த படம் நியூ, அதிலிருக்கிற மேகம்கூட நியூ. கீழ் இறக்கையைத் திருப்பிப் பார்த்தால், ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் நீள்சதுரமாக ஒரு தடிப்பு. பிளாஸ்டிக் வார்க்கிற உலோக அச்சில் பொறித்த எண்ணைச் சுரண்டி எடுத்தால் அங்கே பள்ளமாகும், பிளாஸ்டிக்கில் அது மேடாக வந்து விழும். திருடன் கைரேகையைத் துடைத்துவிட்டுத் துடைத்த துணியை அங்கேயே போட்டுவிட்டுப் போன மாதிரி.

1/72 ஸ்பிட்பயர், அதாவது அந்தப் பிரிட்டிஷ் போர் விமானம் நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்காக. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும்.

முதலில் பிளாஷ். அச்சின் இரண்டு பாதியும் வாய் சரியாக மூடாத அளவுக்குத் தேய்ந்துபோனால், உருகின பிளாஸ்டிக் இடுக்கில் கசிந்து ஓரமெல்லாம் தோலாகப் படியும். இங்கே ப்ரொப்பெல்லரின் ஒவ்வொரு இதழுக்கும் ஆப்பத்துக்கு இருப்பது போல மெல்லிசாக ஒரு கரை. சரி, 11-ஆம் நம்பர் பிளேடு இருக்கிறது, சுரண்டலாம். விமானி உட்காரும் காக்பிட் என்று ஒரு பலகை, அதன் மேல் ஒரு ஆள், ஆளுக்கு முகம் கிடையாது. அதையும் விடுங்கள், கேனபி என்கிற கண்ணாடிக் கூண்டை மேலே மூடிவிட்டால் தெரியாது.

இறக்கையின் பின் விளிம்பு 1 மி.மீ. தடிமன். 72-ஆல் பெருக்குங்கள். ஏழு சென்டிமீட்டர்! நிஜ விமானத்தில் மெலிந்து மெலிந்து முடிகிற இடம், இங்கே வாசற்படி மாதிரி நிற்கிறது. ஒட்டுவதற்கு முன்பே 240 கிரிட் உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்து, மேல் இறக்கை கீழ் இறக்கை இரண்டின் உட்புற விளிம்பையும் தேய்த்து இளைக்க வேண்டும். வெளிப்புறம் தேய்த்தால் ரிவெட் போய்விடும். போய்த் தொலையட்டும் என்றுதான் தோன்றும். அந்த ரிவெட் ஒவ்வொன்றும் அரை மி.மீ. பெருக்குங்கள். 36 மி.மீ., சோடா பாட்டில் மூடியை விடப் பெரிது. ஸ்பிட்பயர் இறக்கையில் ரிவெட் தலை வெளியே துருத்தாமல் பதித்து அடித்திருப்பார்கள். இவர்கள் பாத்திரக் கடை அண்டாவைப் பார்த்து அச்சு வெட்டியிருக்கிறார்கள்.

இனிதான் அந்த இடம். இறக்கையும் உடலும் சேர்கிற இடம், இறக்கை வேர். ஒட்டாமல் சும்மா பொருத்திப் பார்த்தால் வலது பக்கம் கச்சிதம், இடது பக்கம் 1 மி.மீ. இடைவெளி. இடதை அழுத்தினால் வலது திறக்கிறது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் இறக்கை நுனி தொங்குகிறது. நுனி மேலே தூக்கியிருக்க வேண்டிய விமானம், மழையில் நனைந்த காக்கை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பாகங்களைப் பிடித்துக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டமான ஸ்ப்ரூவில் ஒரு துண்டு வெட்டி உடலுக்குள் குறுக்கே கொடுத்து விரிக்க வேண்டும். எவ்வளவு நீளம்? அது எந்தத் தாளிலும் இல்லை. நீளமாகவே வெட்டி, தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்து. அரை மி.மீ. கூடிவிட்டால் முதுகு மூட்டு வாய் பிளக்கும். அப்புறம் ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு மேல்வழியாக மாஸ்கிங் டேப்பை இழுத்து ஒட்டி, நுனிகள் தூக்கின நிலையில், தமியா பச்சை மூடிப் பசையைத் தூரிகை நுனியால் இடுக்கில் தொட்டுவிட்டால் அது தானாக ஓடிப் போய்ப் பிடிக்கும். ராத்திரி முழுக்கத் தொடக் கூடாது.

காலையில் டேப்பை எடுத்தால் இடது பக்கம் இன்னும் அரை மி.மீ.

புட்டி வைத்து அடைத்தால்? புட்டி காயும்போது சுருங்கும், பெயின்ட் அடித்ததும் கோடாகப் பள்ளம் தெரியும். 0.25 மி.மீ. பிளாஸ்டிக் ஷீட்டைக் கீற்றாக வெட்டி, இரண்டு கீற்று செருகி, பசை விட்டு, காய்ந்ததும் துருத்துவதைச் சீவினால்தான் நிற்கும். செய்தாயிற்று. 400, 600, 1000 என்று தேய்த்தும் ஆயிற்று. இடைவெளி போயே போச்சு. கூடவே தகடுகள் சேரும் இடத்தைக் காட்டுகிற பேனல் கோடுகளும் போயே போச்சு, ஏனென்றால் அந்தக் காலத்து அச்சில் கோடெல்லாம் மேட்டுக் கோடு. போனதைத் திரும்பக் கொண்டுவர தடித்த டைமோ லேபிள் டேப்பை வேலியாக ஒட்டி ஸ்க்ரைபரால் கீற வேண்டும். கீறினால் இறக்கை வேரில் பள்ளக் கோடு, மற்ற இடமெல்லாம் மேட்டுக் கோடு. ஆகவே மற்ற இடத்தையும் தேய். ஆகவே மற்ற இடத்தையும் கீறு. அரை மி.மீ.யை அடைக்கப் போய் முழு விமானத்தையும் மொட்டையடித்துக் கையால் வரைந்துகொண்டிருக்கிறோம். அப்படியானால் பெட்டிக்குள் எதற்குக் காசு கொடுத்தோம்?

டீகாலுக்கு. டீகால் மட்டும் அபாரம். இத்தாலியில் கார்ட்டோகிராப் அச்சிட்டது, ஒரு நிறம்கூட விலகவில்லை. கிழிந்த வேட்டிக்குச் சரிகைக் கரை.

இதைப் போய் யாரிடமாவது புலம்பினால் ஒரே பதில்தான். "தமியா வாங்கியிருக்கலாமே ப்ரோ."

எந்தத் தமியா ப்ரோ? 2018-ல் வந்த 1/48 ஸ்பிட்பயர் மார்க் 1 என்றால் சரி, இறக்கை வேரில் புட்டி டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஆனால் அதே தமியா இத்தாலேரியின் பிளாஸ்டிக்கைத் தன் பெட்டியில் போட்டும் விற்றிருக்கிறது. ரெவெல் பெட்டிக்குள் சொந்த அச்சும் வரும், மோனோகிராம் அச்சும் வரும், வாய்க்கால் மாதிரிக் கோடு வெட்டின பழைய மேட்ச்பாக்ஸ் அச்சும் வரும். எட்வார்ட் லிமிடெட் எடிஷனில் பிளாஸ்டிக் வேறொருவருடையது, எட்ச் என்கிற மெல்லிய உலோகத் தகட்டுப் பாகம் மட்டும் எட்வார்டுடையது என்பது அடிக்கடி நடப்பது. அந்த எட்வார்டே 2014-ல் 1/48 மெஸ்ஸர்ஷ்மிட் 109ஜி-6 போட்டு, அது அளவில் பெருத்துப் போய், 2016-ல் புதிதாக அச்சு செய்தார்கள். ஆனைக்கும் அடி சறுக்கும், ஆனால் இந்த ஆனை எழுந்து வந்து திரும்பச் செய்தது, அதற்கு ஒரு கும்பிடு. ஏர்பிக்ஸ் 1950-களிலிருந்து ஸ்பிட்பயர் போடுகிறது. 1/72 மார்க் 1ஏ-க்கு 2010-ல் வந்தது புது அச்சு. பழையவற்றை 'வின்டேஜ் கிளாசிக்ஸ்' என்று தனி வரிசையாகவே விற்கிறார்கள், பழசு என்று தெரிந்தே வாங்கலாம். அந்த நாணயம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

"எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்பதே தப்பு. அச்சு எந்த வருஷம், யாருடையது என்று கேளுங்கள். ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் கிட் பெயரைப் போட்டால் வம்சாவளியே வரும்: முதலில் யார் வார்த்தார்கள், எந்த ஆண்டு, எத்தனை பெட்டி மாறியது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள்கூட இவ்வளவு குலம் கோத்திரம் விசாரிக்க மாட்டார்கள். ஒரு விமானம் வாங்க நாம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கூடவே ஸ்ப்ரூ படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு மேடா பள்ளமா என்பது வெளிச்சம் விழுகிற பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

புது அச்சு என்றால் நிம்மதி என்றும் நினைக்காதீர்கள். 1/35 டைகர் 1 டாங்கி. அதன் சங்கிலிப் பட்டையில் ஒரு பக்கம் 96 கண்ணி, இரண்டு பக்கம் 192. தனித்தனிக் கண்ணியாகக் கொடுப்பவர்கள் கண்ணிக்கு நாலு இடத்தில் ஸ்ப்ரூவில் ஒட்டிவைத்தால் 768 வெட்டு. அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிவிடுகிற எஜெக்டர் பின்னின் தழும்பு கண்ணிக்கு இரண்டு என்றால் 384 குழி, ஒவ்வொன்றையும் அடைத்துத் தேய்க்க வேண்டும். எல்லாம் முடித்து, கோத்து, பெயின்ட் அடித்து, கடைசியில் மேலே சேறு பூசுகிறோம். நாமே பூசுகிறோம்!

கேனபி பற்றி இன்னும் பேசவில்லை, உடலை விட 1 மி.மீ. அகலம். வேண்டாம். சிரிப்புதான் வருகிறது.

ஆனால் சுங்கத் தீர்வை பற்றிப் பேசாமல் விட முடியாது. பட்டியலில் 9503-ஆம் தலைப்பு: மூன்று சக்கர சைக்கிள், பொம்மை, புதிர் விளையாட்டு, அவற்றோடு ஸ்கேல் மாடல். அடிப்படைத் தீர்வை 20 சதவீதமாக இருந்தது 2020 பட்ஜெட்டில் 60 ஆனது, 2023-ல் 70. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். இதில் சில ஏர்பிக்ஸ் பெட்டிகளில் 'மேட் இன் இந்தியா' என்று வேறு போட்டிருக்கும். இங்கே வார்த்த பிளாஸ்டிக் இங்கிலாந்து வரைக்கும் போய், அங்கே ஒரு கடை அலமாரியில் உட்கார்ந்து, தபாலில் திரும்பி வந்து, சொந்த ஊரில் தீர்வை கட்டிவிட்டு உள்ளே நுழைகிறது. பல கம்பெனிப் பெட்டிகளில் 14 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று எழுதியிருக்கிறது, தீர்வைப் பட்டியலில் மூன்று சக்கர சைக்கிளுக்குப் பக்கத்தில் இடம். அந்தச் சைக்கிளுக்காவது சக்கரம் சரியாகப் பொருந்தும்.