எங்க ஊரை அளக்கறதுன்னா எங்களைக் கேட்டு அளங்க

போன மாசம் எங்க தெருவுக்குக் கணக்கெடுக்க ஒரு பொண்ணு வந்துச்சு. கையில டேப்லெட், நல்ல உச்சி வெயில். உள்ள கூப்பிட்டு மோர் குடுத்தோம். "உங்கள் நகரம் வாழ்வதற்கு எந்த அளவுக்கு ஏற்றதாக இருக்கிறது? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள்"னு படிச்சுது. அம்மா கொஞ்சம் யோசிச்சுட்டுக் கேட்டாங்க, "எப்பம்மா? சாதாரண நாள்லயா, முகூர்த்த நாள்லயா?"

அதை எழுத டேப்லெட்ல இடம் இல்லை. மூணுன்னு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுச்சு. அது மேல தப்பில்லை, அதுக்குக் குடுத்த கேள்வி அது. ஆனா கும்பகோணத்துல இருக்கறவங்களுக்கு அம்மா கேட்டதோட அர்த்தம் தெரியும். முகூர்த்த நாள்ல கார், வேன், பந்தல் எல்லாம் சேர்ந்து கோயிலைச் சுத்தி அடைச்சுக்கும். எழுபத்தெட்டு வயசுக்காரங்க கும்பேஸ்வரர் கோயிலுக்கு நடந்து போயிட்டு வர்றதை அன்னிக்கு மறந்துட வேண்டியதுதான்.

ஒன்றிய அரசோட நகர்ப்புற அமைச்சகம் 2018ல 111 நகரங்களை எடுத்து, எங்க வாழறது சுலபம்னு தரவரிசை போட்டுச்சு. அப்ப புனே முதலிடம். 2020க்கான பட்டியல்ல, பத்து லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கற நகரங்கள்ல பெங்களூரு முதலிடம். அந்தத் தடவை மக்கள்கிட்ட நேரடியாக் கருத்துக் கேட்டு, அதுக்கு 30 சதவீத மதிப்பெண் ஒதுக்கினாங்க. 32 லட்சம் பேர் பதில் சொன்னாங்க. நல்ல காரியம், மனசாரச் சொல்றேன். ஆனா பதில் சொல்லத்தான் மக்களைக் கூப்பிட்டாங்க. என்ன கேக்கணும்னு முடிவு பண்ற இடத்துல நாம இல்லை. எங்க ஊரோ அந்தப் பட்டியல்லயே இல்லை.

டெல்டாக்காரங்களுக்கு இதைப் புரிய வைக்கக் கஷ்டமே இல்லை. ஜூன் 12ல மேட்டூரைத் திறந்தா எத்தனை கன அடின்னு செய்தி வரும். நம்ம ஊர்ல அதைக் கேட்டுட்டு யாராவது நாத்து விட ஓடுறோமா? "வாய்க்காலோட கடைசி வயல், அந்தக் கடைமடைக்குத் தண்ணி வந்துச்சா"ன்னுதானே கேக்கறோம்? ஊரோட நிலைமையையும் அப்படிக் கடைமடையில நின்னு பாக்கணும்ங்கறேன்.

குடிநீரையே எடுத்துக்குங்க. எங்க வீட்டுல குழாய் இணைப்பு இருக்கு, கணக்குல முழு மார்க். தண்ணி வர்றது விடியக்காலை நாலரை மணிக்கு. எந்திரிச்சுப் பிடிக்கறது யாரு? எங்க தெருவுல அத்தனை வீட்டுலயும் பெண்கள்தான். பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி பதினொரு மணிக்குக் கடையிலேர்ந்து வந்து படுத்து, நாலேகாலுக்கு அலாரம் வச்சு எந்திரிக்கறாங்க. "இணைப்பு உண்டா, இல்லையா"ங்கற கேள்விக்குள்ள அவங்க தூக்கம் எங்க அடங்கும்?

அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல 1990கள்ல ஜனங்களே கூடி உக்காந்து எதை அளக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. அவங்க எடுத்துக்கிட்டதுல ஒண்ணு, ஓடைக்கு முட்டையிடத் திரும்பி வர்ற சால்மன் மீன். தண்ணி நல்லா இருந்தாத்தானே மீன் வரும்! நம்ம ஊருக்குன்னா நான் குளத்தைச் சொல்லுவேன். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவுல இத்தனை குளம். ஆத்துல தண்ணி வந்த எத்தனாவது நாள் எந்தக் குளத்துக்கு வந்துச்சு, எதுக்கு வரவே இல்லை, வாய்க்கால் எங்க அடைபட்டிருக்கு? தெருவுல இருக்கற பெரியவங்களைக் கேட்டா இடம் காட்டிச் சொல்லுவாங்க.

ஜனங்களுக்கு அளக்கத் தெரியாது, குறை சொல்லத்தான் தெரியும்னு ஒரு பேச்சு இருக்கு. எனக்கு அதைக் கேட்டாலே கோவம் வரும். அந்தப் பொண்ணு கணக்கெடுக்க வந்த அன்னிக்குச் சாயங்காலமே நானும் அம்மாவும் நோட்டு எடுத்துக்கிட்டு வீட்டுலேர்ந்து கோயில் வரைக்கும் நடந்தோம். அம்மா எங்கெல்லாம் ஓரத்தை விட்டு வண்டி போற ரோட்டுல இறங்க வேண்டி வந்துச்சோ, அங்கெல்லாம் ஒரு கோடு. பதினேழு கோடு. நிறுத்தின பைக், கடைப் பலகை, மூடி உடைஞ்ச சாக்கடை. ஒரு இடத்துல மூடிக்குப் பதிலா யாரோ அம்மிக்கல்லைப் போட்டு வச்சிருக்காங்க. அம்மா ஒரு கையால என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அதைத் தாண்டினாங்க. "இதையும் எழுதிக்கோ"ன்னாங்க.

2022ல நகரப் பகுதிகளுக்கும் வார்டு குழு, பகுதி சபைன்னு விதி வந்தாச்சு. கிராமசபை மாதிரி நமக்கும் உக்காந்து பேச ஒரு இடம். அங்க வெறும் மனு குடுக்கறதோட விடாம, வருஷத்துக்கு ஒரு தடவை வார்டை நாமே அளந்து அந்தக் கணக்கை வைக்கணும். எதை அளக்கறதுன்னு சொல்றவங்கள்ல தண்ணி பிடிக்கற பெண்கள், தூய்மைப் பணியாளர்கள், தள்ளுவண்டிக்காரங்க, வாடகைக்கு இருக்கறவங்க எல்லாரும் இருக்கணும். சொந்த வீட்டுக்காரங்க மட்டும் பேசினா அது பாதி ஊர்.

இதுல அவசரமும் இருக்கு. 2028ல மகாமகம். ரோடு, விளக்கு, கழிப்பறைன்னு வேலை நடக்கும், நடக்கணும். வர்றவங்களுக்கு என்ன வேணும்னு திட்டம் போடறப்பவே, மகாமகம் முடிஞ்ச மறுநாள் இங்கேயே இருக்கப் போறவங்க நோட்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு எங்க தெரு முனைப் பிள்ளையார் கோயில்லேர்ந்து நாலஞ்சு பேர் கிளம்பறோம். இந்தத் தடவை பள்ளிக்கூடம் போற வழி. எட்டாவது படிக்கற பக்கத்து வீட்டுப் பையன் நோட்டைத் தான்தான் வச்சுக்குவேன்னு இப்பவே வாங்கிட்டுப் போயிட்டான்.